மானாவாரி சூரியகாந்திக்கு யூரியா எவ்வளவு? ஈரத்தை அளந்து முடிவு செய்யும் வழி

கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், அருப்புக்கோட்டை பக்கத்துக் கரிசல் காட்டில் புதிதாகச் சூரியகாந்தி போடுகிறவர்கள் முதலில் கேட்பது, "ஏக்கருக்கு எத்தனை மூட்டை யூரியா?" என்றுதான். இறவைப் பயிராக இருந்தால் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். மானாவாரியில் அது முடியாது. அதே காடு, அதே விதை. ஒரு வருஷம் 20 கிலோ தழைச்சத்தையும் (யூரியாவில் இருக்கும் நைட்ரஜன்) பயிர் எடுத்துக்கொள்ளும், இன்னொரு வருஷம் 8 கிலோவே கூடுதலாகப் போய்விடும். வித்தியாசம் மண்ணுக்குள் இருக்கிற ஈரத்தில் இருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் யூரியாவுக்கு முன்னால் ஈரத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டியிருக்கிறது.

இங்கே சொல்வது வடகிழக்குப் பருவமழையை நம்பி, புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ விதைத்து, தை மாசியில் அறுக்கும் பயிருக்கு. கார்த்திகை, மார்கழியோடு மழை விடைபெற்றுவிடும். அப்புறம் பூப்பதும் மணி பிடிப்பதும் மண்ணில் சேர்ந்த ஈரத்தை வைத்துத்தான். தென்காசி பக்கம் சுந்தரபாண்டியபுரத்தில் ஆடி மாதம் ஊரே போய்ப் படம் எடுத்துக்கொள்கிறதே, அந்தச் சூரியகாந்தி பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர் கிடைக்கும் பயிர். அங்கே போடுகிற உரக் கணக்கைக் கரிசலுக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.

தழைச்சத்து செடிக்குள் என்ன செய்கிறது

தழைச்சத்து என்றால் இலை. இலையின் அகலமும் எண்ணிக்கையும், இலை எத்தனை நாள் பச்சையாக நிற்கிறது என்பதும் பெரும்பாலும் அதைப் பொறுத்தவை. இலை கூடினால் செடி சேர்க்கும் மாவு கூடும், கொண்டை, அதாவது பூத்தட்டு, பெரிதாகும், மணி கூடும். இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

வறண்ட காட்டில் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. இலை கூடினால் செடி குடிக்கும் தண்ணீரும் கூடும். விதைத்த முப்பது, நாற்பது நாளில் மண்ணில் ஈரம் தாராளமாக இருக்கும். அந்த நேரத்தில் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்தால் செடி தளதளவென்று கிளம்பி, பெரிய பெரிய இலை விட்டு, ஈரத்தை வேகமாக இழுத்துவிடும். மாதச் சம்பளத்தைப் பத்தாம் தேதிக்குள் முடித்துவிடுகிற வீடு மாதிரி. பூப்பது 55, 60ஆவது நாளில். மணி பிடிப்பது அதற்குப் பிறகு ஒரு மாதம். தண்ணீர் அதிகம் வேண்டிய அந்த நேரத்தில் காடு காய்ந்து கிடக்கும். ரோட்டில் போகிறவர்கள் "பயிர் அருமையா நிக்குதே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அறுத்துத் தட்டினால் பாதி பொக்கு, உள்ளே பருப்பில்லாத வெறும் மணி.

உரமே போடாமல் விட்டால் ஈரம் மிச்சமாகுமே என்று கேட்கலாம். கொஞ்சம் மிச்சமாகும்தான். ஆனால் எட்டுப் பத்து இலை விட்ட சமயத்திலேயே, அதாவது வெளியே மொட்டு எதுவும் தெரியாத 20, 25ஆவது நாள் வாக்கிலேயே, குருத்துக்குள் கொண்டை உருவாக ஆரம்பித்துவிடும். கொண்டையில் எத்தனை பூ, அதில் எத்தனை மணி என்பதற்கு அங்கேயே அடித்தளம் விழுகிறது. அந்த நேரத்தில் செடி பசியோடு இருந்தால் கொண்டை சிறுத்துவிடும். பிறகு மழை பெய்தாலும், மூட்டை மூட்டையாக யூரியா கொட்டினாலும் கொண்டை பெரிதாகாது.

பிந்திப் போய்ச் சேரும் தழைச்சத்தால் வேறொரு நஷ்டம் உண்டு. அது மணியில் புரதத்தைக் கூட்டி எண்ணெய் அளவைக் குறைக்கும். கொண்டையின் பின்பக்கம் மஞ்சளாகாமல் பச்சையாகவே நிற்கும், முதிர்ச்சி தள்ளிப்போகும். தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் தழைத்த பயிரைத்தான் தேடி வரும். எண்ணெய்க்காகப் போடும் பயிரில் இதெல்லாம் நமக்குத் தேவையில்லாத செலவு.

முதல் வேலை: ஈரத்தை அளப்பது

கரிசல் மண் நன்றாக நனைந்தால் ஒரு அடி ஆழத்துக்கு ஏறக்குறைய 45 முதல் 50 மில்லிமீட்டர் மழைக்குச் சமமான, செடி எடுக்கக்கூடிய தண்ணீரைப் பிடித்து வைக்கும். மூன்று அடி நனைந்திருந்தால் 140, 150 மில்லிமீட்டர் கையிருப்பு. சூரியகாந்தியின் ஆணிவேர் ஆறடிகூடப் போகும். சோளம், கம்பு எட்டாத ஆழத்து ஈரத்தையும் இது இழுக்கும். இந்தப் பயிரின் பெரிய பலமே அதுதான். ஆனால் நனையாத மண்ணுக்குள் வேர் இறங்காது. ஆகவே எத்தனை அடி நனைந்திருக்கிறது என்று தெரியாமல் உரம் வாங்கக் கிளம்பாதீர்கள்.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். விரல் மொத்தத்தில் நாலடி நீள இரும்புக் கம்பி ஒன்று. மேலே பிடிப்பதற்குக் குறுக்குக் கம்பி ஒன்றை வெல்டிங் பட்டறையில் ஒட்டச் சொல்லுங்கள். அரை அடிக்கு ஒரு கோடு அறுத்துக்கொள்ளுங்கள். விதைப்பு மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்து, காலால் மிதிக்காமல் கையால் மட்டும் அழுத்துங்கள். நனைந்த கரிசலுக்குள் கம்பி சீராக இறங்கும். காய்ந்த மண் வந்ததும் டக்கென்று நிற்கும். கல்லில் மோதினால் 'ணங்' என்று சத்தம் கேட்கும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசலில் முதல் மழை வெடிப்பு வழியாக நேரே கீழே போய்விடும். வெடிப்பு இருந்த இடத்தில் கம்பி மூன்று அடி இறங்கும். ஒரு முழம் தள்ளிக் குத்தினால் ஓர் அடியில் நிற்கும். அதனால் ஏக்கருக்கு எட்டுப் பத்து இடத்தில், வரப்பு ஓரத்தையும் தண்ணீர் தேங்கும் பள்ளத்தையும் விட்டுவிட்டுக் குத்திப் பார்த்துச் சராசரி எடுங்கள். சந்தேகம் வந்தால் ஓர் இடத்தில் மண்வெட்டியால் தோண்டி, அடி மண்ணைக் கையில் எடுத்துப் பிசையுங்கள். உருண்டை பிடித்து, கட்டைவிரலால் தேய்த்தால் நாடா மாதிரி நீண்டால் ஈரம் போதும். உதிர்ந்தால் அது வறட்டு மண்.

அப்புறம் கணக்கு

சூரியகாந்தி 100 கிலோ மணி கொடுக்க, செடி முழுக்கச் சேர்த்து ஏறக்குறைய நாலரை முதல் ஐந்து கிலோ தழைச்சத்தை எடுக்கிறது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் சாதாரணக் கூட்டல் கழித்தல்.

ஈரம் இரண்டடி இருக்கிறது, ஏக்கருக்கு 400 கிலோ எதிர்பார்க்கிறோம் என்று வையுங்கள். பயிருக்குச் சுமார் 18 கிலோ தழைச்சத்து வேண்டும். இதில் ஒரு பங்கை மண்ணே கொடுக்கும்; மட்கு மெல்ல மக்கிக் கொடுக்கும் தழைச்சத்து, போன வருஷத்து மிச்சம் எல்லாம் சேர்த்து ஒரு 10 கிலோ என்று எடுத்துக்கொள்வோம். பற்றாக்குறை 8 கிலோ. மானாவாரியில் நாம் போடும் தழைச்சத்தில் பாதி செடிக்குப் போய்ச் சேர்ந்தாலே நல்ல கணக்கு. ஆக, போட வேண்டியது 16 கிலோ. மானாவாரி சூரியகாந்திக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் ஹெக்டேருக்கு 40 கிலோ என்பதும் இதே அளவுதான். பரிந்துரை அளவு என்பது நடுத்தரமான ஒரு வருஷத்துக்கான கணக்கு. உங்கள் காட்டில் இந்த வருஷம் நடுத்தரமா, மேலா, கீழா என்பதைக் கம்பிதான் சொல்லும்.

நான் வைத்துக்கொள்ளும் அளவு இப்படி:

ஈரம் ஓர் அடிக்குள் நின்றுவிட்டது என்றால், ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ தழைச்சத்து. அதற்கு மேல் ஒரு பிடிகூட வேண்டாம். உண்மையில் அந்த ஈரத்தில் சூரியகாந்தியே போடாமல் இன்னொரு மழைக்குக் காத்திருப்பது மேல். கார்த்திகை பிறந்தும் மழை இல்லையென்றால் கொத்தமல்லி, கொண்டைக்கடலை என்று மாற்றி யோசிக்கலாம்.

ஒன்றரை முதல் இரண்டடி என்றால் 12 முதல் 16 கிலோ. அதிலும் விதைப்பின்போது முக்கால் பங்குதான்.

மூன்றடி நனைந்து, மழையும் தொடர்கிறது என்றால் 20 கிலோ. நல்ல ஆழமான கரிசலாக இருந்து 20, 30 நாளுக்குள் இன்னொரு மழையும் கிடைத்தால், இறவைக்குப் போடும் 24 கிலோவை நெருங்கலாம்.

போன பட்டத்தில் என்ன இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உளுந்து, பாசிப்பயறு இருந்த காடு என்றால் மூன்று நாலு கிலோ குறைக்கலாம். ஆனால் நம் பக்கம் உளுந்தை வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோய்விடுகிறோம். இலை உதிர்ந்து விழுந்ததும் அறுந்த வேரும் மட்டும்தான் மிச்சம். அப்படியென்றால் இரண்டு கிலோவுக்கு மேல் குறைக்காதீர்கள். சோளம், கம்பு, மக்காச்சோளத்தின் தட்டையை விதைப்புக்குச் சற்று முன் மடக்கி உழுதிருந்தால் கதை தலைகீழ். அந்தத் தட்டையை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்ளும், இளம்பயிர் வெளுத்துப்போகும். தட்டை மடக்குவதாக இருந்தால் கோடை உழவிலேயே மடக்கிவிடுவது உத்தமம்.

மண்வள அட்டை கையில் இருந்தால் தழைச்சத்து எண்ணைப் பாருங்கள். ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே என்றால் 'குறைவு' என்று போட்டிருக்கும். நம் கரிசலில் பெரும்பாலான அட்டைகளில் அப்படித்தான் இருக்கும். 280 இருக்கிறதே, பிறகு ஏன் உரம் என்று குழம்ப வேண்டாம். அது மண்ணிலிருந்து மெல்ல மெல்ல வெளிவரக்கூடிய தழைச்சத்துக்கான அளவு; அத்தனையும் இந்தத் தொண்ணூறு நாளில் செடிக்குக் கிடைத்துவிடாது.

மூட்டைக் கணக்கு

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. இப்போது வரும் 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய 20.7 கிலோ. அதாவது ஒரு ஏக்கர் மானாவாரி சூரியகாந்திக்கு ஒரு முழு மூட்டை என்பது நல்ல மழை வருஷத்துக்கான அளவு. சாதாரண வருஷத்தில் அதுவே கூடுதல். மானிய விலையில் மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைப்பதால், "கிடக்கட்டும், இன்னும் அரை மூட்டை போடு" என்று கை தாராளமாகிவிடுகிறது. 2025-26 பருவத்துக்குச் சூரியகாந்திக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,721 ரூபாய். பொக்கால் 40 கிலோ மணி போனால் மூவாயிரம் ரூபாய் போச்சு. அரை மூட்டை யூரியாவின் உண்மையான விலை அங்கேதான் தெரியும்.

டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) போடுகிறவர்கள் அதிலுள்ள தழைச்சத்தைக் கழிக்க மறந்துவிடுகிறார்கள். 50 கிலோ மூட்டை ஒன்றில் 9 கிலோ தழைச்சத்தும் 23 கிலோ மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) இருக்கின்றன. 16 கிலோ இலக்கு என்றால் மீதி 7 கிலோ. அதற்கு 15 கிலோ யூரியா போதும். ஓர் அடி ஈரம் மட்டும் இருக்கும் வருஷத்தில் முக்கால் மூட்டை டி.ஏ.பி. போட்டால் தழைச்சத்துக் கணக்கு அதோடு முடிந்தது, யூரியாவைத் தொடவே வேண்டாம்.

என்னைக் கேட்டால் எண்ணெய் வித்துக்கு சூப்பர் பாஸ்பேட் மேல். மணிச்சத்து 16 சதவீதம்தான் என்றாலும் 11 சதவீதம் கந்தகம் கூடவே வருகிறது. கந்தகம் குறைந்தால் எண்ணெயும் குறையும், போட்ட தழைச்சத்தையும் செடி முழுதாகப் பயன்படுத்தாது. தூக்கிச் சுமக்கத்தான் கஷ்டம்: 20 கிலோ மணிச்சத்துக்கு 125 கிலோ தூக்க வேண்டும். அம்மோனியம் சல்பேட் கிடைத்தால் தழைச்சத்தும் கந்தகமும் ஒன்றாகவே தீர்ந்துவிடும். அதில் தழைச்சத்து சுமார் 20.5 சதவீதம் என்பதால் யூரியாவைப் போல இரண்டேகால் மடங்கு எடை வேண்டும். சாம்பல்சத்து (பொட்டாசியம்) கரிசலில் பொதுவாகத் தட்டுப்பாடு இல்லை. அட்டை சொல்வதைச் செய்தால் போதும்.

எங்கே, எப்படி இடுவது

இந்தப் பகுதியைத்தான் பலரும் வேகமாகத் தாண்டிப் போகிறார்கள். வறண்ட மண்ணில் எவ்வளவு போட்டோம் என்பதைவிட எங்கே போட்டோம் என்பதே சில வருஷம் பெரிய விஷயமாகிவிடும்.

யூரியா மண்ணில் விழுந்ததும், மண்ணிலுள்ள யூரியேஸ் என்ற நொதி சில நாளிலேயே அதை உடைத்து அம்மோனியாவாக்குகிறது. மண்ணுக்குள் நடந்தால் மண் அதைப் பிடித்துக்கொள்ளும். மேலாகக் கிடந்தால் காற்றோடு போய்விடும். கரிசல் காரத்தன்மை உள்ள மண். அமில கார நிலை பல இடங்களில் 8-க்கு மேல் இருக்கும், சுண்ணாம்பும் அதிகம். காரம் கூடக்கூட இந்த ஆவி இழப்பும் கூடும். உங்கள் மண் எப்படி என்று பார்க்க, காய்ந்த கட்டி ஒன்றின் மேல் நாலு சொட்டு வினிகர் விடுங்கள். புஸ்ஸென்று நுரைத்தால் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது. அந்தக் காட்டில் யூரியாவை மேலாக வீசக் கூடாது.

எல்லாவற்றிலும் மோசமானது, லேசான தூறலில் மேல்மண் மட்டும் நனைந்திருக்கும்போது வீசிவிட்டு, அடுத்த மழையை எதிர்பார்த்து உட்காருவது. அந்த ஈரமும் பனியும் யூரியாவைக் கரைக்கப் போதும், உள்ளே இறக்கப் போதாது. இப்போது வரும் யூரியா எல்லாம் வேப்பெண்ணெய் பூசியதுதானே என்று சமாதானம் சொல்ல வேண்டாம். அந்தப் பூச்சு, மண்ணிலுள்ள அம்மோனியம், தண்ணீரோடு கழுவிப் போகும் நைட்ரேட்டாக மாறுவதைத்தான் தாமதப்படுத்தும்; மேலாகக் கிடக்கும் யூரியா ஆவியாவதை அது தடுக்காது.

இரண்டாவது விஷயம் ஆழம். தழைச்சத்து தண்ணீரில் கரைந்து, அந்தத் தண்ணீரை வேர் இழுக்கும்போது கூடவேதான் செடிக்குள் போகும். மழை நின்றதும் முதலில் காய்வது மேல் மூன்று நாலு அங்குலம். உரமெல்லாம் அங்கே இருந்தால், வேர் மூன்றடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். உரம் மேலே பூட்டிக் கிடக்கும். செடி வெளுக்கும். உடனே இன்னும் யூரியா போடத் தோன்றும். அதுவும் அதே காய்ந்த மண்ணில்தான் போய் உட்காரும்.

ஆகவே அடியுரத்தை விதைக்கும்போதே, விதை வரிசைக்கு இரண்டு அங்குலம் பக்கத்திலும் விதையைவிட இரண்டு மூன்று அங்குலம் கீழேயும் விழும்படி போடுங்கள். விதையும் உரமும் தனித்தனிப் பெட்டியில் இருக்கும் டிராக்டர் விதைப்புக் கருவி வாடகைக்குக் கிடைத்தால் வேலை சுலபம். இல்லையென்றால் முதலில் ஒரு சால் ஓட்டி அதில் உரத்தை விட்டு மூடி, அதை ஒட்டி அடுத்த சாலில் விதை போடலாம். விதையோடு யூரியாவையோ டி.ஏ.பி.யையோ கலந்து ஒரே குழாயில் விடாதீர்கள். ஈரம் குறைந்த மண்ணில் முளை கருகிவிடும், காடு சொட்டை சொட்டையாகத் தெரியும். ஒட்டுரகத்துக்கு வரிசைக்கு வரிசை இரண்டடி, செடிக்குச் செடி ஓர் அடி என்பது வழக்கம். ஏக்கருக்கு 22,000 செடி சொச்சம் வரும். ஈரம் குறைந்த வருஷத்தில், கூடுதல் செடியைப் பிடுங்கிப் பயிர் கலைக்கும்போது இன்னும் கொஞ்சம் தாராளமாகக் கலைத்துவிடலாம். இரண்டு செடியை நெருக்கி வைத்துக்கொண்டு உரத்தால் சமாளிக்க முடியாது.

சூப்பர் பாஸ்பேட்டை நன்றாக மக்கிய தொழு உரத்தோடு கலந்து, லேசாக ஈரமாக்கி, நிழலில் மூடி ஒரு மாதம் வைத்து ஊட்டமேற்றிய தொழு உரமாகப் போடுவது கரிசலுக்கு நன்றாகப் பொருந்தும். ஏக்கருக்கு 300 கிலோ போதும். அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரத்தை விதையில் கலக்கும் விதை நேர்த்தியும் செய்யலாம், செலவு குறைவு. ஆனால் அதை நம்பி அடியுரத்தை நிறுத்திவிட வேண்டாம்.

செம்மண் காட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் மண் தண்ணீரைப் பிடித்து வைக்காது, பெருமழையில் நைட்ரேட் வேருக்குக் கீழே கழுவிப் போய்விடும். அடியுரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதியை இரண்டு தவணையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மேலுரம்: மழை வந்தால் மட்டும்

மிச்சம் வைத்த கால் பங்கை 20-லிருந்து 30 நாளுக்குள் போட்டுவிட வேண்டும். இதற்கு நிபந்தனை ஒன்றே ஒன்று: அந்த நாட்களில் குறைந்தது 20 மில்லிமீட்டர் மழை, அதாவது கால்கள் மண்ணில் புதையும்படியான ஒரு நல்ல மழை கிடைத்திருக்க வேண்டும். மழை ஓய்ந்து, நடக்க முடிகிற பதம் வந்ததும் செடியிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சின்னக் கோடு கிழித்து, யூரியாவை விட்டு, மண்ணால் மூடிவிடுங்கள். களைக்கொத்தோடு சேர்த்துச் செய்தால் தனிக் கூலி இல்லை. மழை வரவில்லையா? மூட்டை வீட்டிலேயே இருக்கட்டும். அந்த முடிவை எடுக்கத்தான் பலருக்கு மனசு வருவதில்லை.

செடி மட்டும் வெளுத்திருக்கிறது, அடியில் ஈரம் இருக்கிறது, மேல்மண் காய்ந்துவிட்டது என்கிற நிலையில் இலைவழித் தெளிப்பு ஒரு வழி. 10 லிட்டர் டேங்குக்கு 200 கிராம் யூரியா, அதாவது 2 சதவீதம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல், கைத்தெளிப்பானால். ஏக்கருக்கு 200 லிட்டர் தெளித்தால் 4 கிலோ யூரியா, அதில் இரண்டு கிலோவுக்கும் குறைவான தழைச்சத்துதான் என்பதை நினைவில் வையுங்கள். தற்காலிகமாகக் கைகொடுக்கும், அடியுரத்தின் இடத்தை அது நிரப்பாது. வாடித் தொங்கும் செடிக்குத் தெளித்தால் இலை ஓரம் கருகும்.

45 நாளைத் தாண்டிவிட்டால் தழைச்சத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

வெளுப்புக்கெல்லாம் யூரியா காரணமில்லை

அடி இலையில் ஆரம்பித்து மஞ்சள் மேலே ஏறினால் தழைச்சத்துக் குறை. செடி பழைய இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுத்துவிடுகிறது. குருத்து இலை முதலில் வெளுத்து, அடி இலை பச்சையாகவே இருந்தால் கந்தகத்தையோ இரும்பையோ சந்தேகப்படுங்கள். நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள் என்றால் பெரும்பாலும் இரும்பு. சுண்ணாம்பு மண்ணில் இது சகஜம். நிறம் அடர்பச்சையாகவே இருந்து மத்தியானம் இலை தொங்கி, மறுநாள் காலையில் நிமிர்ந்தால் அது தண்ணீர்ப் பஞ்சத்தின் தொடக்கம். காலையிலும் நிமிரவில்லை என்றால் ஒரு செடியைப் பிடுங்கி வேரையும் தண்டின் அடியையும் பிளந்து பாருங்கள். உள்ளே கரிப்பொடி தூவியது போல இருந்தால் வேரழுகல். வறட்சியோடு சேர்ந்து வரும் நோய் அது. யூரியாவால் எதுவும் ஆகாது.

கொண்டையின் நடுப்பகுதி பொக்காக இருப்பதற்கும் தழைச்சத்தையே குற்றம் சொல்கிறோம். போரான் குறைந்தாலும், தேனீ வராமல் மகரந்தம் சேராவிட்டாலும் அப்படி ஆகும். வெளி இதழ்கள் விரியும் சமயத்தில் லிட்டருக்கு 2 கிராம் போராக்ஸ் கரைத்துக் கொண்டையில் படும்படி தெளியுங்கள். பூத்திருக்கும் பத்து நாளும், ஒருநாள் விட்டு ஒருநாள், காலை எட்டிலிருந்து பதினொன்றுக்குள் மெல்லிய துணியால் ஒவ்வொரு கொண்டையாக ஒற்றியெடுங்கள். அல்லது பக்கத்துப் பக்கத்துக் கொண்டைகளை லேசாக உரசி விடுங்கள். உரசும்போது உள்ளங்கை முழுக்க மஞ்சள் ஒட்டினால் வேலை சரியாக நடக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் பூச்சி மருந்து வேண்டவே வேண்டாம்.

உங்கள் காட்டின் அளவை நீங்களே கண்டுபிடிப்பது

மேலே சொன்ன கிலோக் கணக்கெல்லாம் ஆரம்பத்துக்குத்தான். உங்கள் காட்டுக்கு எது சரி என்று தெரிய வேண்டுமானால் முதல் வருஷமே காட்டில் மூன்று பட்டை (நீளத் துண்டு) விட்டுப் பாருங்கள். ஒரு பட்டையில் தழைச்சத்தே இல்லை. ஒன்றில் நீங்கள் முடிவு செய்த அளவு. ஒன்றில் அதைப்போல ஒன்றரை மடங்கு. மூன்றும் ஒரே மாதிரி மண்ணில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். மணிச்சத்து மூன்றுக்கும் சமம், டி.ஏ.பி.யில் தழைச்சத்தும் கலந்திருப்பதால் இந்தப் பட்டைகளுக்கு சூப்பர் பாஸ்பேட்டைப் பயன்படுத்துங்கள். பட்டைக்கொரு குச்சி நட்டு வைக்காவிட்டால் இரண்டு மாதத்தில் எது எது என்று மறந்துவிடும்.

நாற்பதாவது நாளில் உயரத்தைப் பார்த்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள், அப்போது ஒன்றரை மடங்குப் பட்டைதான் ஜெயித்துக்கொண்டிருக்கும். பூக்கும் சமயத்தில் வெயில் உச்சிக்கு ஏறியதும் போய்ப் பாருங்கள். எந்தப் பட்டை முதலில் வாடுகிறது என்று எழுதி வையுங்கள். கொண்டையின் பின்பக்கம் எலுமிச்சை மஞ்சளாகி, பிறகு பழுப்பேறும்போது அறுவடை. ஒவ்வொரு பட்டையிலும் நடுவிலுள்ள நாலு வரிசையில் பத்து மீட்டர் நீளத்தை மட்டும் தனியாக அறுத்து, காய வைத்து, தட்டி, தூற்றி எடை போடுங்கள். இரண்டடி வரிசை என்றால் அது 24 சதுர மீட்டர். வந்த எடையை 169-ஆல் பெருக்கினால் ஏக்கர் மகசூல். 2.4 கிலோ வந்தால் சுமார் 405 கிலோ. தூற்றும்போது பறக்கும் பொக்கையும் ஒரு சாக்கில் பிடித்து எடை போடுங்கள். ஒன்றரை மடங்குப் பட்டையில் பொக்கு கூடியிருந்தால், இந்த ஈரத்துக்கு அந்தத் தழைச்சத்து அதிகம். தழைச்சத்தே போடாத பட்டையும் நடுப் பட்டைக்குச் சமமாக வந்திருந்தால், மண்ணே தேவையைக் கொடுத்திருக்கிறது அல்லது ஈரம் அவ்வளவு மோசம். இரண்டில் எது என்பதை விதைப்பன்று கம்பி எத்தனை அடி இறங்கியது என்று எழுதி வைத்திருந்தால்தான் சொல்ல முடியும். கிளிகள் பட்டை பார்த்துத் தின்னாது. சோதனைப் பட்டைக்கு மட்டுமாவது காவல் போடுங்கள்.

அறுத்த பிறகு தட்டையை எரிக்க வேண்டாம், அதில் சாம்பல்சத்து நிறைய இருக்கிறது. துண்டாக்கிப் பரப்பிவிட்டுக் கோடை மழையில் உழுதுவிடலாம். மண் மாதிரியை அந்த உழவுக்கு முன்னால், சித்திரை வைகாசியில், ஆறு அங்குல ஆழத்துக்கு 'வி' வடிவக் குழி வெட்டி எடுத்து, பத்துப் பதினைந்து இடத்து மண்ணைக் கலந்து அரைக் கிலோவாக்கிப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பையின் மேல் சர்வே எண்ணோடு, இந்த வருஷம் போட்ட தழைச்சத்துக் கிலோவையும் எழுதுங்கள்.